எந்த மாசத்து ஆறு, தம்பி?

போன இதழில், ஆற்றை உயிருள்ள ஒன்றாக நினைத்துக் கரையை வடிவமைப்பது பற்றி எழுதியிருந்தேன். இரண்டு பக்கக் கட்டுரைக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டியவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். திட்டியதும் சந்தேகப்பட்டதும் கேள்வி கேட்டதும்தான் இங்கே இருக்கின்றன. பெயர் போட்டால் சிலருக்கு அலுவலகத்தில் சங்கடம் வரும் என்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: ஆறு ஒரு உயிர் என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கட்டுமானத் துறையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். வரைபடத்தில் அந்த உயிரை எங்கே சார் போடுவது?

வரைபடத்தில்தான் போடவேண்டும். வேறெங்கே போட்டாலும் அது மேடைப்பேச்சு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளரி விவசாயி, அதுவும் என் மானத்தை வாங்கிக் கற்றுக்கொடுத்தார்.

படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் வேலை அது. ஒரு சின்னக் கோயில் ஊர், ஒரு சின்ன ஆறு, கரையில் பூங்கா. சர்வே தாளைப் பார்த்து ஆற்றை இரண்டு இணைகோடுகளாகப் போட்டு, நடுவில் அழகாக நீலம் அடித்து, கரையோரம் நடைபாதை, குழந்தைகள் விளையாட ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் வைத்து, பெரிய அட்டையில் ஒட்டி ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாட்டியிருந்தோம். எல்லோரும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் தோளில் துண்டோடு ரொம்ப நேரம் அட்டை முன்னாலேயே நின்றார். கோடையில் ஆற்று மணலில் வெள்ளரி போடுகிறவர். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "எந்த மாசத்து ஆறு தம்பி இது?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். "ஐப்பசியில இங்க வரைக்கும் வரும்." விரல் என் ஊஞ்சல் மேல் இருந்தது. "தையில இந்தப் பக்கமா ஒதுங்கி ஓடும். சித்திரையில இந்த வளைவுல ஒரு மடு மட்டும் கிடக்கும், மாடு குளிப்பாட்டுவோம். நீங்க போட்டிருக்கறது எந்த மாசம்?"

எந்த மாசமும் இல்லை என்பதுதான் உண்மை. வருடத்தில் ஒருநாள்கூட அந்த ஆறு அப்படி இருக்காது. அன்றிலிருந்து நீலக்கோடு போடுவதை விட்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆற்றின் குறுக்குவெட்டை வரையும்போது ஒரே நீர்மட்டத்தைப் போடாமல் குறைந்தது நாலு மட்டம் போடுங்கள். கோடையில் கசிகிற தண்ணீர், சாதாரண நாள் ஓட்டம், வருடா வருடம் வருகிற வெள்ளம், பாட்டி காலத்தில் ஒருமுறை வந்ததாகச் சொல்லும் பெருவெள்ளம். அந்த நாலு கோட்டுக்கும் இடையே உள்ள நிலம் ஒவ்வொன்றும் வேறு நிலம், அங்கே முளைப்பது வேறு, மனிதன் செய்யக்கூடியதும் வேறு. அப்புறம் மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில், ஆறு வளைகிற இடத்தில் வெளிவளைவை அது அரிக்கும், உள்வளைவில் மணலையும் எக்கலையும் கொண்டுவந்து சேர்க்கும். வெளிவளைவில் பெஞ்ச் போட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து "ஆறு கரையைத் தின்றுவிட்டது" என்று புலம்பக்கூடாது. அது அதன் வேலை. நகர்வது, பெருகுவது, சுருங்குவது, சில மாசம் படுத்துத் தூங்குவது, இதற்கெல்லாம் இடம் விட்டு வரைந்தால் உயிரை வரைந்துவிட்டீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பீஷான் அங் மோ கியோ பூங்கா. தினமும் காலையில் கல்லாங் ஆற்றங்கரையில் நடக்கிறேன். முன்னே அது கான்கிரீட் சாக்கடை மாதிரி இருந்ததாக மாமியார் சொல்கிறார். இப்போது ஓடுவது நிஜ ஆறா, இல்லை ஆறு மாதிரி செய்த பொம்மையா?

உங்கள் மாமியார் சொல்வது சரி. அங்கே 2.7 கிலோமீட்டருக்கு ஆறு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்குத் தள்ளலாம் என்ற ஒரே நோக்கத்துக்குக் கட்டியது, அந்த வேலையை ஒழுங்காகவும் செய்தது. 2006இல் அரசு நீர்நிலைகளை மக்களுக்கு நெருக்கமாக்கும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தபோது, கால்வாயையும் பழுதுபார்க்க வேண்டியிருந்தது, பூங்காவையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்யாமல் கால்வாயை உடைத்துப் பூங்காவுக்குள் ஆற்றை விட்டுவிட்டார்கள். 2012இல் திறந்தபோது அந்த 2.7 கிலோமீட்டர் நேர்கோடு 3.2 கிலோமீட்டர் வளைவு நெளிவாகியிருந்தது. ஜெர்மனியின் டிரைசைட்டல் நிறுவனத்தின் வடிவமைப்பு.

இதில் எனக்குப் பிடித்தது அந்த வளைவு நெளிவைவிட வேறொன்று. வெப்பமண்டல மழையில் செடியின் வேரை நம்பிக் கரையை விடலாமா என்று அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதற்கு முன் சிங்கப்பூரில் அப்படிச் செய்ததில்லை. அதனால் 2009இல் பூங்காவின் ஒரு பக்கக் கால்வாயில் வெறும் 60 மீட்டர் நீளத்தை எடுத்து, பத்து விதமாகக் கரை கட்டிப் பார்த்தார்கள். கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கரையோரம் கிடத்துவது, பாறைக்கற்களுக்கு நடுவில் உயிர்க்குச்சிகளைச் செருகுவது, மண்ணைத் துணியில் சுற்றிப் படிபோல அடுக்கி அதில் நடுவது, இப்படி. பத்தில் ஏழைத்தான் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். அறுபது மீட்டரில் தோற்றுப் பார்ப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் அறுபது கோடியில்தான் முதல் பரீட்சை எழுதுகிறோம்.

கணக்கும் பாருங்கள். பழைய கால்வாயின் அதிகபட்ச அகலம் 24 மீட்டர். இப்போது பெருமழையில் தண்ணீர் புல்வெளி மேல் ஏறி 100 மீட்டர் வரை பரவலாம். கான்கிரீட்டை எடுத்தால் வெள்ளம் வரும் என்று பயந்தவர்களுக்கு அங்கே கிடைத்த பதில் அந்த அகலம்தான். நீங்கள் நடக்கிற பாதையின் ஒரு பகுதி ஆற்றுக்கு வாடகைக்கு விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது வரும்போது நீங்கள் காலிசெய்ய வேண்டும். நீர்மட்டத்தைப் பார்க்கும் உணர்கருவி, சைரன், விளக்கு எல்லாம் அதற்குத்தான்.

பொம்மையா என்றால், பாதி. பூங்காவுக்கு மேலேயும் கீழேயும் அது திரும்பவும் கால்வாயாகிவிடுகிறது. வருகிற தண்ணீரும் நகரத் தெருக்களில் விழுந்து ஓடிவரும் மழைநீர்தான். ஆனால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து குடியேறி, குட்டி போட்டு, ஊரே கேமராவோடு பின்னால் ஓடியதே, அதுகளுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை. மீன் இருக்கிறது, கரை ஏற முடிகிறது, அவ்வளவுதான் அதுகள் பார்த்தது. கான்கிரீட் சரிவில் பிள்ளை குட்டியோடு குடித்தனம் நடத்த முடியாது.

கோவையிலிருந்து சட்டம் படிக்கும் ஒரு மாணவி: நியூசிலாந்தில் ஒரு ஆற்றை மனிதனாகவே சட்டம் ஏற்றுக்கொண்டதே, அப்படி இங்கேயும் செய்துவிட்டால் கரையை யாரும் கெடுக்க முடியாது இல்லையா?

அது வாங்கானுய் ஆறு. 290 கிலோமீட்டர். 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்குச் சட்டப்படியான ஆள்நிலை கொடுத்தது, மாவோரிப் பெயரில் தே அவா துபுவா. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவரை அரசு நியமிக்கும், இன்னொருவரை ஆற்றங்கரை மாவோரி மக்கள். "நானே ஆறு, ஆறே நான்" என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வாக்கு. 1870களிலிருந்து மனு மேல் மனு போட்டு நூற்று நாற்பது வருடத்துக்கும் மேல் விடாமல் கேட்டு வாங்கினார்கள். இதை இணையத்தில் படிக்கிற நம் ஆட்கள், ஏதோ ஒருநாள் காலையில் ஒரு நல்ல அரசாங்கம் எழுந்து கையெழுத்துப் போட்ட மாதிரிப் பகிர்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஆற்றின் தலைப்பகுதித் தண்ணீரில் ஒரு பங்கை டோங்காரிரோ மின்திட்டம் வேறு பக்கம் திருப்புகிறது. ஆள்நிலை கிடைத்ததும் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடவில்லை. சட்டம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கும், அதில் உட்கார்ந்து பேசுகிறவர்தான் மீதியைச் செய்யவேண்டும்.

நம் நாட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள ஆட்களாக அறிவித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மாநில அரசு கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: வெள்ளம் வந்து ஆள் செத்தால் ஆற்றின் மேல் கேஸ் போடுவார்களா, ஆற்றின் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட தலைமைச் செயலர் நஷ்டஈடு கட்டுவாரா? சிரிப்பாக இருக்கும், ஆனால் கேள்வி நியாயம்தான். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இயற்கை அன்னையை உரிமைகளுள்ள உயிராக அறிவித்தது.

நான் வக்கீல் இல்லை, கரை வரைகிறவன். என் கவலை, சட்டத்தில் ஆளாகிவிட்ட ஆற்றுக்கு உடம்பு எதுவரைக்கும் என்பது. தண்ணீர் மட்டுமா, மணலும் சேர்த்தா, வெள்ளம் தொடும் வயலும் சேர்த்தா? நியூசிலாந்துச் சட்டம் மலையிலிருந்து கடல் வரைக்கும் பிரிக்க முடியாத ஒரே உயிர் என்கிறது, அந்தச் சொற்கள் எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப உபயோகம். நம்மூரில் ஆற்றுப் புறம்போக்கின் எல்லைக்கல் எங்கே என்பதிலேயே சண்டை. நீங்கள் வக்கீலானதும் அந்த எல்லைக்கல்லைத் தேடிப் பாருங்கள், ஆள்நிலையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் ஆற்றங்கரையில் பதினைந்து அடியில் ஆற்றன்னை சிலை வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கருத்து?

வையுங்கள். அதற்கு முன்னால் ஊர்ச் சாக்கடையை அவள் காலடியில் விடுவதை நிறுத்திவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர், கொஞ்சம் கோபமாக: வைகையில் சித்திரைத் திருவிழாவுக்கு அணையைத் திறந்தால்தான் தண்ணீர். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி ரோடு போட்டாயிற்று. செத்துப்போன ஆற்றுக்கு உயிர் இருக்கிறது என்று கதை விடாதீர்கள்.

கோபம் புரிகிறது. ஆனால் "தண்ணீர் இல்லை, அதனால் செத்துவிட்டது" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஆற்றின் பாதியை எடுத்துக்கொண்டார்கள். வருடத்தில் சில மாசம் ஓடி, மீதி மாசம் மணலாகக் கிடப்பது வைகையின் சுபாவம். உலகத்து ஆறுகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வருடத்தில் ஒருநாளாவது ஓட்டம் நின்றுபோகிறவைதான் என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆறு என்றால் எப்போதும் இரண்டு கரையும் தொட்டு ஓடவேண்டும் என்பது வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர்க்காரனின் எதிர்பார்ப்பு, பாடப்புத்தகப் படத்தில் பார்த்து நமக்கும் ஒட்டிக்கொண்டது.

காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டியிருக்கிறீர்களா? என் சின்ன வயதில் முழங்கை ஆழம் போதும். கையால் மணலை ஒதுக்க ஒதுக்க முதலில் வெள்ளை மணல், அப்புறம் நிறம் கறுத்த ஈர மணல், அப்புறம் பக்கவாட்டிலிருந்து மணல் சரிந்து விழுந்து குழி மூடும், மறுபடி ஒதுக்கினால் கலங்கலாக ஒரு கை தண்ணீர். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் அடுத்து ஊறுவது தெளிவாக இருக்கும். ஒரு கன மீட்டர் நல்ல ஆற்று மணல் கால் பங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக் கேட்கும்போது கொடுக்கும், வெயிலில் ஆவியாகவும் விடாது. ஆறு கோடையில் மணலுக்குள் இறங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். மணலை அள்ளிய இடத்தில் ஊற்றும் போயிற்று, அதைச் செத்தது என்று சொன்னால் நானும் சேர்ந்து அழத் தயார்.

சுவர் விஷயம். ஆற்றை ஒடுக்கிச் சுவர் கட்டினால் அதே வெள்ளம் உயரமாகவும் வேகமாகவும் போகும், அடியில் படுகையை அரிக்கும், சுவர் முடிகிற இடத்தில் இருக்கும் கிராமத்துக்குப் போய்ச் சேரும். இதற்கு நாம் பார்த்துப் பழகிய மாதிரி அகமதாபாத் சபர்மதி. இரண்டு பக்கமும் பதினோரு கிலோமீட்டர் போல, ஆற்றை ஒரே சீரான அகலத்துக்குக் கொண்டுவந்து, கீழே வாசணா தடுப்பணையால் நிறுத்தி, நர்மதா கால்வாய்த் தண்ணீரைக் கொண்டு நிரப்பி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நடக்க அருமையான இடம், பொய் சொல்லமாட்டேன், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் அது ஆற்றின் இடத்தில் வைத்த நீளமான குளம். பன்னிரண்டு மாசமும் ஒரே மாசம்.

வைகைக்கு என்னைக் கேட்டால், நான் தண்ணீரை நிரப்பப் பார்க்கமாட்டேன். நகரச் சாக்கடை ஒவ்வொன்றும் எங்கே ஆற்றில் இறங்குகிறது என்று நடந்து எண்ணி, அதை மறித்துச் சுத்திகரிப்புக்குத் திருப்புவேன். ஆகாயத்தாமரை அந்தச் சாக்கடையில் வளர்வதுதான், பாதி தானாகக் குறையும். அப்புறம் காய்ந்த மணலைக் காய்ந்த மணலாகவே அழகு என்று நினைத்து, இறங்கி வர நிறைய படி போடுவேன். அழகர் இறங்குகிற அன்றைக்கு லட்சக்கணக்கான ஜனத்தை அந்த மணல்தானே தாங்குகிறது. வருடத்தில் ஒருநாள் தாங்கும் இடம் மற்ற நாளில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி: தாமிரபரணிக் கரையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரை வருடா வருடம் சரிகிறது. கல் பதிக்கச் சொல்கிறார்கள், மரம் வைத்தால் போதுமா, என்ன மரம்?

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை இது, பாபநாசத்திலிருந்து கீழே வரும் வழியெல்லாம் நீர்மருது நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வெளிறிய பட்டை, வேர் பாதி தண்ணீருக்குள். ஆனால் எடுத்ததும் மருதை நட்டுவிடாதீர்கள், அது வேர் பிடிப்பதற்குள் இரண்டு வெள்ளம் வந்துவிடும். கீழிருந்து மேலே போங்கள். தண்ணீர் விளிம்பில் கோரையும் நாணலும். அதற்கு மேல், வெள்ளம் வந்தால் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்கிற புதர்கள், நொச்சி, காட்டலரி, இடையிடையே வெட்டிவேர். அதற்கும் மேலே புங்கை, நாவல், மருது. மேட்டில் இலுப்பை.

நொச்சியை நர்சரியில் வாங்காதீர்கள். வேலியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குக் கழி வெட்டி, ஒன்றரை முழம் நீளம், அடியைச் சாய்வாகச் சீவி, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்படி ஈர மண்ணில் அடித்து இறக்குங்கள். எது அடி எது நுனி என்று மாறிவிடக்கூடாது, கணு மேலே பார்க்கவேண்டும், நான் ஒருமுறை ஒரு கட்டையே தலைகீழாக நட வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கழி இருந்தால் கட்டாகக் கட்டி, சரிவின் குறுக்கே வாய்க்கால் மாதிரிக் கீறி, பாதி புதையும்படி கிடத்துங்கள். மேலிருந்து வரும் மண்ணை அது பிடிக்கும், பிடித்த மண்ணிலேயே துளிர்க்கும். நீரோட்டம் நேராக வந்து மோதும் இடத்தில் மட்டும் அடியில் பெரிய கல் போடுவதில் தப்பில்லை, சிமெண்ட் பூசாமல். இடுக்கில் மீன் குஞ்சு இருக்கும். உயிர் என்றதும் கல்லே ஆகாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

கல் என்றதும் படித்துறை ஞாபகம் வருகிறது. உங்கள் பக்கத்துப் படித்துறைகளைவிடக் கெட்டிக்கார வடிவமைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. படி தண்ணீருக்குள்ளேயும் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும், ஆறு எந்த மட்டத்தில் இருந்தாலும் குளிக்கிறவருக்கு ஒரு படி உண்டு. கார்த்திகையில் மூணாவது படியில் துவைக்கும் அக்கா வைகாசியில் பதினாலாவது படிக்கு இறங்குவார். எங்களுக்கு இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

சென்னையிலிருந்து ஒருவர்: 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் வீட்டின் தரைத்தளம் முழுக்கப் போயிற்று. ஆற்றுக்கு இடம் விடு, அது நகரட்டும் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. எங்கே சார் இடம்?

உங்களிடம் நதியின் அழகு பேசினால் எனக்குத்தான் வெட்கம். நேராகச் சொல்கிறேன், நெருக்கமான நகரத்தில் ஆறு இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர முடியாது. எல்லை போட்டுத்தான் ஆகவேண்டும். எல்லையை எங்கே, எப்படிப் போடுவது என்பதில்தான் பேச்சு.

மியூனிக் நகரத்துக்குள் ஓடும் ஈசார் ஆற்றைப் பாருங்கள். 2000த்திலிருந்து 2011 வரை, 8 கிலோமீட்டர், சுமார் 3.5 கோடி யூரோ. கரையில் இருந்த கல் கட்டுமானத்தை உரித்து எடுத்து, ஆற்றை அகலமாக்கி, சரளைக் கல் திட்டுகளை ஆறே போட்டு ஆறே கலைக்கும்படி விட்டார்கள். ஆனால் பின்னால் தள்ளி, மண்ணுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கல்லால் இன்னொரு கரையைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஆறு முன் கரையை அரித்துக்கொண்டே போகலாம், புதைத்த கல்லைத் தொட்டதும் நின்றுவிடும். தறியில் கட்டின மாட்டுக்கு நீளமான கயிறு விட்ட மாதிரி. வெள்ளப் பாதுகாப்பும் கூடவே பலப்பட்டது, அந்தத் திட்டத்துக்கு ஆரம்பக் காரணங்களில் அதுவும் ஒன்று.

நெதர்லாந்தில் 1993, 1995 இரண்டு வெள்ளத்துக்குப் பிறகு, 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய பிறகு, இனி கரையை உயர்த்திக்கொண்டே போவது பிரயோஜனமில்லை என்று முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு அகலம் கொடுத்தார்கள். நைமேகன் நகரத்தில் வால் ஆற்றின் வெள்ளக்கரையை ஆற்றைவிட்டு ஊர்ப்பக்கமாக 350 மீட்டர் தள்ளினார்கள். சுமார் ஐம்பது வீடுகள் போயின. அந்த வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகப் போகவில்லை, வருடக்கணக்கில் பேசி, நஷ்டஈடு கொடுத்துத்தான் நடந்தது.

அந்த "பேசி" என்பதில்தான் இங்கே எல்லாம் கெட்டுப்போகிறது. கரையோரக் குடிசைக்காரரை ஒரே நாளில் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அதே கரையில் அதைவிட ஆற்றுப்பக்கம் தள்ளி நிற்கும் அடுக்குமாடியைத் தொடாமல், "ஆற்றுக்கு இடம் கொடுத்தோம்" என்று பலகை வைப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். அளவுகோல் ஒன்றாக இருந்தால் என் கையெழுத்து உண்டு.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: எல்லாம் சரிங்க, புல்லும் புதருமா விட்டா கொசு, பாம்பு?

கொசு தேங்கின தண்ணீரில் முட்டையிடும், ஓடுகிற தண்ணீரும் மீனும் அதற்கு ஆகாது. உங்கள் தெருக்கொசு ஆற்றைவிட மூடாத சாக்கடையிலும் மொட்டைமாடி டயரிலும்தான் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். பாம்பு இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒரு கஜத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், அது நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்போம், இரண்டு பேரும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

கும்பகோணம் பக்கமிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளைக் காவிரிக்கு அழைத்துப் போவேன். அவளுக்கு மசக்கை, அதனால் சித்திரான்னம், காதோலை கருகமணி என்று என் பாட்டி சொன்னதைச் சொல்வேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? நாங்கள் வடிவமைப்பாளர்கள் இல்லையே.

மசக்கைக்காரி என்று சொல்கிற ஊருக்கு ஆறு உயிருள்ளது என்று நான் வந்து சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. தேங்காய், பழம், காதோலை எல்லாம் போகட்டும், அதைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பை மட்டும் பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்ப வரட்டும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, செலவில்லாதது, வடிவமைப்பாளர்கள் யாரும் செய்து கொடுக்காதது. கரையில் நகராத ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படித்துறையின் மேல்படி, மண்டபத் தூண், ஏதாவது ஒன்று. தமிழ் மாசம் பிறக்கிற அன்றைக்கு, அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து, போனில் ஒரு படம். தண்ணீர் எந்தப் படியில் என்று ஒரு பையன் எண்ணிச் சொல்லட்டும், இன்னொருத்தி நோட்டில் எழுதட்டும். தண்ணீர் இல்லாத மாசம் என்றால் மணலில் என்ன தடம் இருக்கிறது, கொக்கா, நாயா, லாரியா என்று எழுதட்டும். கரையில் வயதானவர் யாராவது உட்கார்ந்திருந்தால், பெருவெள்ளம் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டு, அவர் கை காட்டும் உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு.

பங்குனி முடியும்போது பன்னிரண்டு படம் இருக்கும். அதை வகுப்புச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உங்கள் ஊரில் அடுத்த கரைத்திட்டம் வரும், அட்டையில் நீலக்கோடு போட்டு என்னை மாதிரி ஒரு பையன் வந்து நிற்பான். அவனை அந்தச் சுவருக்கு முன்னால் கூட்டிப்போய், எந்த மாசத்து ஆறு தம்பி என்று உங்கள் பிள்ளைகளில் ஒருத்தர் கேட்டால் போதும்.